விளிம்பு உடைந்த மகாராணி

முப்பத்தேழு வருஷம் ஒரு மனுஷன் இடது கண்ணை மூடிக்கொண்டே வேலை பார்த்தால், வேலை இல்லாத நேரத்திலும் அந்தக் கண் தானாக மூடிக்கொள்ளும். என் தங்கை வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆயிற்று. அருங்காட்சியகத்தில் அவர் புகைப்படக்காரர். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் முதல் வாரமே என்னிடம் வந்து, "சார், அந்த போட்டோக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்" என்று முறையிடுவார்கள். "அம்மா தாயே, அவர் கட்டின பொண்டாட்டியையே நிமிர்ந்து பார்த்ததில்ல, உன்னையா பார்க்கப் போறார்?" என்று சமாதானம் சொல்லி அனுப்புவேன். கட்டடம் முழுக்க அவருக்குப் பெயர் ஒத்தைக்கண்ணர். நான் மட்டும் மாப்பிள்ளை என்பேன்.

அதே கட்டடத்தில் நான் சாவிக்காரன். நாணய அறையின் சாவியும் பதிவேடும் என்னிடம். என் கையெழுத்து இல்லாமல் ஒரு தட்டுக் காசு வெளியே போகாது, உள்ளே வராது. தங்கைக்கு அவரைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். "குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார்" என்று சொல்லித்தான் முடித்தேன். அவர் பேசவே மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்காக இன்றைக்கும் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய அறை கீழ்த்தளத்தில். ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் கறுப்பு பெயின்ட். நடுவில் ஒரு மேஜை, அதற்கு மேலே குனிந்து பார்க்கிற கேமரா, இரண்டு பக்கமும் கழுத்து வளைந்த விளக்குகள். காசை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைப்பார். கண்ணாடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி சாம்பல் நிற அட்டை இருக்கும், அப்போதுதான் நிழல் விழாது. விளக்கைத் தாழ்வாக, இடது மேல் மூலையில் வைக்க வேண்டும். உயர்த்தினால் முகம் சப்பையாகிவிடும். எதிர்ப்பக்கம் வைத்தால் மேடான மூக்கு பள்ளமாகத் தெரியும். "ராஜாவுக்கே குழி விழுந்துடும் மச்சான்" என்பார். தன் தொழிலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில் நீளமான பேச்சு அதுதான்.

அவர் எடுத்ததில் முக்கால்வாசி ரோமாபுரியின் வெண்கலக் காசுகள். தங்கமும் வெள்ளியும் எப்போதாவது ஒன்றிரண்டு வரும், இரண்டு காவலர் கூடவே வந்து நிற்பார்கள். வெண்கலம் அப்படியில்லை, மூட்டையாக வரும். ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கடைகண்ணிக்குப் போகிறவர்கள் கையில் புழங்கிய சில்லறை. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் யாராவது ஒரு அரசன் தலை, மறுபக்கம் ஒரு படம். சுற்றிலும் இருக்கிற லத்தீன் எழுத்து மாப்பிள்ளைக்கு ஒன்றுகூடப் புரியாது. அதனால் படங்களுக்கு அவரே பெயர் வைத்துக்கொண்டார். கோட்டை வாசலும் அதன் தலையில் ஒரு நட்சத்திரமும் இருந்தால் 'கேட்டு'. கொடிக்கம்பங்களுக்கு இரு பக்கமும் விறைத்து நிற்கிற இரண்டு சிப்பாய்கள் 'வாட்ச்மேன்'. இரட்டைக் குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஓநாய் 'ஆயா'. கையில் ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் 'கிளைக்காரி'. குதிரையோடு சரிந்து விழுந்து ஒருவன் கையை நீட்ட, அவனை ஒரு சிப்பாய் ஈட்டியால் குத்த வருவான், அது 'குதிரைக்காரன்'. பதிவேட்டில் நான் பேராசிரியர்கள் வைத்த பெயரை எழுத வேண்டும். ஆனால் எங்கள் இரண்டு பேருக்குள் ஆயாவும் வாட்ச்மேனும்தான்.

அவர்களுக்கு ஒரே மகள். படச்சுருள் காலத்தில் வீட்டுக் குளியலறையில் கொடி கட்டி அவர் படங்களை உலர்த்துவார். மற்றப் பிள்ளைகள் பொம்மைப் புத்தகம் பார்த்தபோது இவள் அந்த ஈரப்படங்களைத்தான் பார்த்தாள். குதிரைக்காரன் யார் என்று கேட்டதற்கு, "விழுந்துட்டான்ல, தூக்கி விடுங்கண்ணேன்னு கை நீட்டறான்" என்று கதை சொல்லியிருக்கிறார் மனுஷன். அவள் கல்லூரிக்குப் போய் விஷயம் தெரிந்துகொண்டு வந்து சண்டை பிடித்தாள். "அப்பா, அவனைக் கொல்லப் போறாங்கப்பா! எதிரியைக் கொல்றதுதான் அந்தக் காசுக்கே பெருமை!" அதற்கு இவர், "குத்தறதுக்கு முன்னாடி எடுத்த படம்தானேம்மா, இன்னும் சாகலையே" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்பன் படம் எடுத்த காசுகளையே படித்து அவள் டாக்டர் பட்டம் வாங்கினாள். பட்டம் வாங்கி என்ன செய்ய? ஏழு வருஷம், ஐந்து ஊர், எல்லாம் தற்காலிக வேலை. ஒரு வருஷம் இங்கே, பத்து மாதம் அங்கே. ஒவ்வொரு முறையும் "அடுத்தது நிரந்தரமா இருக்கும் மாமா" என்பாள். மூன்றாவது ஊருக்குப் பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். போன தடவை அவள் வீட்டுக்கு வந்தபோது முப்பத்துநாலு வயதுப் பெண்ணின் முகம் மாதிரி இல்லை. துணியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமலே நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். எங்கே போனாலும் அப்படித்தான் இருக்கிறாள் என்று தங்கை அழுதாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதில் என் பங்கும் உண்டு, மறைக்கப் போவதில்லை.

குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் ஒரு பானை கிடைத்தது. உள்ளே ஆயிரத்து அறுநூற்று நாற்பது வெண்கலக் காசு. வந்து இரண்டு வாரத்தில் சில காசுகளில் வெளிர் பச்சையாகப் பொடி பூக்க ஆரம்பித்தது. வெண்கலத்துக்கு வருகிற நோய் அது. ஈரம் பட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும், தலை, எழுத்து, படம் எல்லாம் மாவாகிக் கொட்டிவிடும். எங்கள் துறைத் தலைவி பதறிப்போனார். ஆறு வாரத்துக்குள் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு பெட்டியில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும், புது உலர் அலமாரி வந்து சேரும் வரை யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அலமாரி எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது வரும்" என்றார்.

மாப்பிள்ளையின் வழக்கம், ஒரு காசை எடுத்தால் தலைப் பக்கம் ஒரு படம், கையாலேயே புரட்டி வைத்து மறுபக்கம் ஒரு படம், அப்புறம்தான் அடுத்த காசு. ஒரு நாளைக்கு முப்பது ஆனால் பெரிய விஷயம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மாப்ளே, ஒண்ணொண்ணா புரட்டிட்டு இருந்தா நாம ரிட்டயர் ஆனப்புறமும் இங்கதான் இருப்போம். முதல்ல தட்டு பூரா தலையை எடுங்க. அப்புறம் மேல இன்னொரு தட்டை வச்சு மொத்தமா கவுத்திட்டு, பின்பக்கத்தை எடுங்க" என்றேன். ஒரு தட்டில் வரிசைக்கு எட்டுக் குழியாக ஐந்து வரிசை, நாற்பது காசு. அவருக்கு இஷ்டமில்லை. ஆனாலும் ஆறு வாரக் கணக்குக்கு முன் என்ன பேசுவது? ஒத்துக்கொண்டார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புகிற மாதிரி தட்டைக் கவிழ்த்தால் இடது கோடியில் இருந்த காசு வலது கோடிக்குப் போய்விடும். அதனால் பின்பக்கம் எடுக்கும்போது வலதிலிருந்து தொடங்க வேண்டும். அதை மறந்து இடதிலிருந்து எடுத்தால், முதல் காசின் தலைக்கு எட்டாவது காசின் முதுகு, மூன்றாவது காசின் தலைக்கு ஆறாவது காசின் முதுகு என்று எல்லாம் இடம் மாறிவிடும். முதல் நாளே இதைப் பேசிக்கொண்டோம். அவரும் ஒழுங்காகத்தான் எடுத்தார், ஒரு திங்கட்கிழமையைத் தவிர.

அதற்கு முந்தின ஞாயிறு மகள் ஐந்தாவது ஊருக்கு வீடு மாற்றினாள். இவர் போய் அவளுடைய புத்தகப் பெட்டிகள் இருபத்திரண்டையும் மூன்றாவது மாடிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, திங்கள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வேலைக்கு வந்தார். இரவு தூங்கியிருக்கவில்லை. "லீவு போடுங்க மாப்ளே" என்றேன். "பொடி பூத்துக்கிட்டு இருக்கு மச்சான்" என்று உள்ளே போனார். அன்றைக்கு நான்கு தட்டு, நூற்றறுபது காசு. எல்லாவற்றையும் இடதிலிருந்தே எடுத்தார். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காசுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஒரு தாடியில்லாத அரசனுக்குப் பின்னால் இருந்த வாட்ச்மேன் இன்னொரு தாடியில்லாத அரசனுக்குப் பின்னால் போய் நின்றான். எவனுக்கு என்ன கவலை?

பெட்டிகளுக்கு என் கையாலேயே முத்திரை வைத்தேன்.

படங்களைப் பார்த்து ஒவ்வொரு காசும் எது என்று அடையாளம் காண்கிற வேலை மகளுக்குக் கிடைத்தது. அவளுக்கு அந்த வேலையைத் தந்தது துறைத் தலைவி. அப்பனுக்காக இல்லை, அவளைவிட அந்தக் காசுகள் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால். ஐந்தாவது ஊரில் இருந்துகொண்டே பார்த்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் போனில் கத்தினாள். "மாமா! யாருமே பார்க்காத ஒரு காசு இருக்கு மாமா!"

ஒரு மகாராணியின் தலை. மறுபக்கம் குதிரைக்காரன். அந்த மகாராணி இறந்து ஏறக்குறைய இருபது வருஷம் கழித்துத்தான் குதிரைக்காரன் படமே காசுகளில் வந்ததாம். அப்படியானால், செத்துப் போனவளின் முகத்தைத் தேடி எடுத்து ஏதோ ஒரு போருக்காக மறுபடியும் அடித்திருக்கிறார்கள். ஏன்? யார்? அவள் அதைக் கட்டுரையாக எழுதி ஒரு பெரிய ஆய்விதழுக்கு அனுப்ப, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டு நேர்காணலுக்கு அழைத்தார்கள். வயது வரம்பு அவளுக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. இது போனால் அடுத்தது இல்லை. தங்கை அதைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தாள், வியாழக்கிழமை.

அந்த வாரம் திங்கள் மதியம் அச்சகத்திலிருந்து சுவரொட்டி வந்தது. பானைக் காசுகளின் படங்களை வைத்து நடக்கவிருந்த கண்காட்சியின் வாசலில் ஒட்டுவதற்கு ஆள் உயரத்தில் மகாராணியும் குதிரைக்காரனும் பக்கத்துப் பக்கத்தில். நான்தான் வாங்கி, மாப்பிள்ளைக்குக் காட்டலாம் என்று கீழே கொண்டுபோய் விரித்தேன். பெருமைதான், வேறென்ன. அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். இடது கண் மூடிக்கொண்டது. வெகு நேரம் பார்த்தார்.

"என்ன மாப்ளே, ஆனந்தக் கண்ணீரா?"

"விளிம்பைப் பாருங்க மச்சான்."

பார்த்தேன். மகாராணியின் கொண்டைக்குப் பின்னால் காசின் விளிம்பு ஒரு எலி கடித்த மாதிரி உடைந்திருந்தது. குதிரைக்காரனின் விளிம்பு முழுசாக, வட்டமாக இருந்தது. ஒரு காசின் ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கமும் உடைந்துதானே இருக்க வேண்டும்? மகளுக்கு அனுப்பிய பட்டியலுக்குப் படங்களைத் தயார் செய்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வட்டமாக வெட்டியிருந்தார்கள், அதனால் அதில் உடைசல் தெரியவில்லை. சுவரொட்டிக்கு வெட்டாத படத்தைப் போட்டிருந்தார்கள். ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தேன்.

"எந்தத் தட்டு?" என்றார். பதிவேட்டைப் பார்த்துத் தேதியைச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டீயைக் குடிக்கவே இல்லை.

"பெட்டியைத் திறங்க மச்சான்."

"திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"ஒரு காசு மட்டும்."

நான் அவரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "மாப்ளே, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அலமாரி வரவே ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் வீட்டுல கெடப்போம், அவ வேலையில இருப்பா. அப்புறம் எவனாவது கண்டுபிடிச்சா நாலு வரியில திருத்தம் போட்டுட்டுப் போறான். உலகமா முழுகிடும்? ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவ முதுகுல ஆயா இருந்தா என்ன, குதிரைக்காரன் இருந்தா என்ன? உங்க பொண்ணை நெனச்சுப் பாருங்க!"

"அவளைத்தான் நெனைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷனோடு சண்டை போடுவது சுவரில் முட்டிக்கொள்வது போலத்தான். கடைசியில் நான் வைத்த முத்திரையை நானே உடைத்தேன்.

காசு எண் நானூற்றெழுபத்தைந்து. உறையிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் வைத்து அவர் கையாலேயே புரட்டினார். கிளைக்காரி. பக்கத்தில் அதே எலி கடித்த விளிம்பு. குதிரைக்காரன் இருந்தது மூன்று குழி தள்ளி ஒரு தேய்ந்த அரசனின் முதுகில். அந்த அரசன் யாரென்றே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்ததால் அவனுக்குப் பின்னால் போன கிளைக்காரியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. மாப்பிள்ளை மகாராணியைத் தலை ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று பழையபடி எடுத்தார். அவ்வளவு சாதாரணமான காசு அது. எங்கள் அறையிலேயே அதே மாதிரி ஒன்பது இருக்கின்றன.

சாயங்காலம் அவரோடு வீட்டுக்குப் போனேன். தனியாக விட மனம் வரவில்லை. தங்கையிடம் விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "உங்க ரெண்டு பேர் கையையும் உடைச்சுப் போடணும்" என்றாள். "அண்ணா, கவுக்கச் சொன்னது நீ. கவுத்தது இவரு. சாகறது என் பொண்ணா? ஏழு வருஷமா பெட்டிக்குள்ளயே குடும்பம் நடத்தறா அவ." மாப்பிள்ளை இரண்டு படங்களையும் மகளுக்கு அனுப்பிவிட்டு, காது சரியாகக் கேட்காது என்பதால் போனைச் சாப்பாட்டு மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பத்து நிமிஷத்தில் அழைத்தாள்.

"படம் வந்துச்சுப்பா."

"பார்த்தியாம்மா?"

"பார்க்க வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்."

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை போனை நோக்கி இன்னும் கொஞ்சம் குனிந்தார். "எப்போலேர்ந்து?"

"மூணு மாசமா. கட்டுரையை அனுப்பினப்புறம், அச்சுக்குப் பெரிய படம் வேணும்னு உங்ககிட்ட கேட்டு வாங்கினேன்ல, அப்பவே விளிம்பைப் பார்த்துட்டேன்." அவள் குரலில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தினமும் சொல்லணும்னு நெனைப்பேன்ப்பா. காலையில எழுந்ததும் இன்னிக்குச் சொல்லிடணும்னு நெனைப்பேன். பல் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள நாளைக்குச் சொல்லிக்கலாம்னு தோணிடும். களைச்சுப் போச்சு. இன்னொரு ஊரு, இன்னொரு ரூமு, இன்னொரு ஒரு வருஷம்னா என்னால முடியாதுப்பா. நெஜமாவே முடியாது."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமை நேர்காணல்," என்றாள். "நீங்க வெள்ளிக்கிழமை சொல்லுங்கப்பா. நான் தடுக்கல. நேர்காணல் முடிஞ்சு ஒரே ஒரு நாள் தள்ளிச் சொல்லுங்க."

மாப்பிள்ளை, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள், "ம்" என்றாள். அவர் போனை அணைத்தார். அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க முடியாமல் நான் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் அந்தக் கறுப்பு அறையில் விளக்குப் போடாமல் கதவை மட்டும் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். நான் நாலு தடவை எட்டிப் பார்த்தேன். ஒரு தடவை சிரித்த மாதிரிகூட இருந்தது. அப்பாடா, மனுஷன் வழிக்கு வந்துவிட்டார், வெள்ளிக்கிழமைதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.

புதன் காலை பதினொரு மணிக்கு என் மேஜைக்கு வந்து, "ஒரு வெள்ளைத் தாள் குடுங்க" என்றார்.

"எதுக்கு?"

என் மேஜையிலேயே எழுத ஆரம்பித்தார். எந்தத் தேதியில் எந்த நான்கு தட்டுகளில் பின்பக்கங்கள் மாறிப் போயின, எண் நானூற்றெழுபத்தைந்தின் உண்மையான பின்பக்கம் எது, எல்லாம் குண்டு குண்டான எழுத்தில். "நாளன்னைக்குக் குடுத்தா உங்களுக்கு என்னய்யா கேடு?" என்று கத்தினேன். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெத்த பொண்ணு வாய் விட்டுக் கேட்டிருக்கா! ஒரு நாள்! கல்லாய்யா நீர்?" அவர் கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளைக் கிழித்திருப்பேன். ஆனால் கிழிக்கவில்லை. பேனாவைப் பிடுங்கி, 'தட்டுகளைக் கவிழ்த்து எடுக்கும்படி சொன்னவன் நான்' என்று கீழே எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோபத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

துறைத் தலைவி மூன்று தடவை படித்தார். "இதை ஒரு மாசம் முன்னாடி கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா? சுவரொட்டியெல்லாம் அச்சாகிடுச்சே" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஆய்விதழுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தகவல் அனுப்பினார். அவர் அனுப்பாமல் இருக்க முடியாது. எங்களைத் திட்டவில்லை. அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை அவள் நேர்காணலுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம், ஆனாலும் போனாள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தக் காசைப் பற்றிக் கேட்டதும், "தவறு. எனக்கு மூன்று மாதமாகத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள். படம் எடுத்தவர்மேல் ஒரு சொல் போடவில்லை. பத்து நிமிஷத்தில் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இடம் வேறொருவருக்குப் போயிற்று. மாதக் கடைசியில் அவளுடைய தற்காலிக வேலையும் முடிந்தது.

இருபத்திரண்டு புத்தகப் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். முதல் மூன்று நாள் தூங்கினாள். சாப்பிட எழுந்தாள், மறுபடி தூங்கினாள். அம்மாவிடம் பேசினாள், என்னிடம்கூட, "என்ன மாமா, தொப்பை கூடிட்டே போகுது" என்றாள். அப்பாவிடம் மட்டும் பேசவில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் இவள் அறைக்குப் போவாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொள்கிற ஓசை மட்டும்தான். தங்கை அதைக் கேட்டுக் கேட்டு உருக்குலைந்து போனாள். மாப்பிள்ளை தினமும் வேலைக்குப் போய், துறைத் தலைவியின் அனுமதியோடு பெட்டிகளைத் திறந்து, அந்த நூற்றறுபது காசுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் இளைத்துவிட்டார். ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பதினெட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். தங்கை வற்புறுத்தியதால் நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ஏதோ ஒரு பழைய ஜோக்கை எடுத்தேன், பாதியில் எனக்கே அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு நாள்தானேப்பா கேட்டேன்."

மாப்பிள்ளை கையிலெடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"ஆமாம்மா."

"ஏன் குடுக்கல? நான் உங்ககிட்ட இதுவரைக்கும் என்ன கேட்டிருக்கேன்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தங்கை மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மாப்பிள்ளைக்குச் சொல் கிடைக்க நேரமாகும். அந்த மனுஷனுக்கு எப்போதுமே அப்படித்தான். இடது கண் மூடிக்கொண்டது, அதைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"குடுக்கலாம்னுதான் இருந்தேன்," என்றார். "செவ்வாய்க்கிழமை பூரா அந்த ரூம்ல ஒக்காந்திருந்தேன். உனக்கு வேலை கெடைச்சாச்சு, ஒரே ஊரு, ஒரே வீடு, புஸ்தகமெல்லாம் அலமாரியில அடுக்கியாச்சுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமாம்மா, அந்த ஒரு நாளு? நான் அப்படிச் சந்தோஷமா இருந்து ரொம்ப வருஷமாச்சு. அப்போதான் பயம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருந்தா சனிக்கிழமையும் வச்சிருப்பேன். அப்புறம் நான் சொல்லியே இருக்க மாட்டேன்."

வாழ்நாளில் அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மகள் அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், வந்து பதினெட்டு நாளில் முதல் தடவையாக.

"எனக்கும் நல்லாத்தான்ப்பா இருந்துச்சு," என்றாள். "தொண்ணூறு நாளும்."

தங்கை எழுந்து, அவர்கள் இரண்டு பேர் தட்டிலும் இன்னும் கொஞ்சம் சாப்பாடு வைத்தாள்.